சீனப் பண்பாட்டைத் தூரிகையிலிருந்து தொடங்குங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி சுருக்கமாக இது: சீனாவின் மரபுப் பண்பாடு, தத்துவம், கலைகள் ஆகியவற்றை அடிப்படையிலிருந்து தெரிந்துகொள்ள ஆசை. ஆனால் கிடைக்கும் அறிமுகங்களில் அரச வம்சங்களின் பட்டியலும் யின்-யாங் வட்டமும் டிராகனும்தான் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பது பிடிபடவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தூரிகையிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். ஒரு சீன ஆசிரியரிடம் சில ஆண்டுகள் தூரிகை எழுத்துப் பழகியவன் நான். அந்தப் பாசமும் இதில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முக்கியமான காரணம் வேறு. அமைச்சர் பேரரசருக்கு எழுதிய மனு, வெளியூரில் இருந்த மகன் வீட்டுக்கு எழுதிய கடிதம், கவிஞரின் நான்கு வரி, துறவி வரைந்த மூங்கில் எல்லாமே ஒரே வகைத் தூரிகையால், ஒரே கறுப்பு மையால் உருவானவை. கையைப் பழக்கிய விதமும் ஒன்றுதான். அதனால் எழுத்து, கவிதை, ஓவியம், அரசுப் பணி, தத்துவம் என்று நாம் தனித்தனியாகப் பிரித்துப் படிக்கும் விஷயங்கள் அங்கே பெரும்பாலும் ஒரே ஆளின் ஒரே மேசையில் நடந்தன. அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் அங்கிருந்தே தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் எழுத்து. சீன எழுத்தின் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பெருந்தொகுதி, ஹெனான் மாகாணத்து அன்யாங்கில் கிடைத்த எலும்புகள். கி.மு. 1200 வாக்கில் ஷாங் அரசர்கள் ஆமை ஓட்டின் அடிப்பகுதியிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் சூடு வைத்து, அதில் விழும் விரிசலைப் பார்த்துக் குறி கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்பதை அதே எலும்பில் செதுக்கியும் வைத்தார்கள். மழை வருமா, விளைச்சல் எப்படி, அரசருக்குப் பல்வலி, எந்த மூதாதையரின் கோபம் இது? வூ திங் என்ற அரசரின் மனைவி ஃபூ ஹாவ் பற்றி ஒரு குறி இருக்கிறது. பிரசவம் நல்லபடியாக நடக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். முப்பத்தொரு நாள் கழித்துப் பிறந்தது, நல்லபடியாக இல்லை, பெண் குழந்தை என்று முடிவும் செதுக்கப்பட்டிருக்கிறது. இந்த ஃபூ ஹாவ் படை நடத்திப் போனவர். அவருடைய கல்லறையை 1976இல் அன்யாங்கிலேயே தோண்டி எடுத்தார்கள். எலும்பில் வாசித்த பெயருக்கு உரிய பெண்ணின் வெண்கலப் பாத்திரங்களும் கோடரிகளும் மூவாயிரம் ஆண்டு கழித்து வெளியே வந்தன.

இந்த எலும்புகள் வெகுகாலம் ‘டிராகன் எலும்பு’ என்ற பெயரில் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டு, பொடியாகி, கஷாயத்தில் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் இருப்பது பழைய எழுத்து என்பதை 1899இல் வாங் யிரோங் என்ற அறிஞர் கண்டுகொண்டார்.

சீன எழுத்துகள் எல்லாம் படங்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மைகூட இல்லை. மரம் என்ற எழுத்து மரம்போலத்தான் இருக்கும். இரண்டு மரம் சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் அடர்ந்த காடு. சூரியனும் நிலாவும் சேர்ந்தால் வெளிச்சம். ஆனால் பெரும்பாலான எழுத்துகள் வேறு வகை: ஒரு பாதி பொருளைக் காட்டும், மறு பாதி ஒலியைக் காட்டும். ‘அம்மா’வுக்கு உரிய எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. தாய்க்கும் குதிரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. குதிரையை ‘மா’ என்பார்கள், அந்த ஒலிக்காக அது அங்கே நிற்கிறது. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் என்பவர் 9,353 எழுத்துகளை இப்படிப் பிரித்து விளக்கி அகராதி செய்துவிட்டார். இன்று செய்தித்தாள் படிக்க மூவாயிரம் எழுத்து போதும்.

கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய முதல் பேரரசர் ச்சின் ஷி ஹுவாங், பகுதிக்குப் பகுதி வேறுபட்டிருந்த எழுத்து வடிவங்களையும் ஒன்றாக்கினார். கான்டனில் பேசுவது பெய்ஜிங்காரருக்குக் காதில் புரியாது. எழுதிக் காட்டினால் புரிந்துவிடும். கொரியா, ஜப்பான், வியட்நாம் அறிஞர்கள் சீனர்களைச் சந்தித்தபோது, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே, தாளில் தூரிகையால் எழுதி எழுதி மணிக்கணக்கில் உரையாடியிருக்கிறார்கள். அதற்குத் ‘தூரிகைப் பேச்சு’ என்றே பெயர்.

இப்போது மேசைக்கு வருவோம். அதில் நான்கு பொருள்கள்: தூரிகை, மைக்கட்டி, காகிதம், மைக்கல். இவற்றைப் படிப்பறையின் நான்கு செல்வங்கள் என்பார்கள். பைன் மரத்தை எரித்த புகைக்கரியையும் விலங்குப் பசையையும் குழைத்து, அச்சில் இட்டு, காயவைத்ததுதான் மைக்கட்டி. எழுத உட்காரும்போது கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு அதை மெல்ல வட்டமாக உரைக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் மை திப்பி திப்பியாக வரும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் மூச்சு அடங்கிவிடும். என் ஆசிரியர், புட்டி மை வாங்கி வைத்திருந்தும், தொடக்கக்காரர்களை உரைக்கவே வைத்தார்.

காகிதத்தில் சிறந்தது அன்ஹுய் மாகாணத்து ஜிங் மாவட்டத்தில் செய்யப்படும் சுவான் தாள். ச்சிங்தான் என்ற மரத்தின் பட்டையையும் நெல் வைக்கோலையும் மாதக்கணக்கில் ஊறவைத்து, வெயிலில் வெளுத்து, இடித்துச் செய்வது. மை பட்டவுடன் குடித்துவிடும். அழிக்கவோ திருத்தவோ வழியே இல்லை. தூரிகையோ ஆட்டு ரோமத்தாலோ கீரியைப் போன்ற ஒரு விலங்கின் வால் ரோமத்தாலோ ஆனது. நுனி ஊசிபோல இருக்கும், அழுத்தினால் விரல் அகலம் விரியும். கை தயங்கினால் அந்த இடத்தில் மை ஊறிப் பொட்டாகும். வேகமாகப் போனால் கோட்டுக்குள் வெள்ளை இழை தெரியும். அதாவது, கை எப்படி நகர்ந்தது, எங்கே நின்றது, எங்கே மூச்சு விட்டது என்பதெல்லாம் தாளில் பதிவாகிவிடுகிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வருபவரும் அந்த அசைவைத் தன் கையால் பின்தொடர முடியும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் சீனக் கலையில் பாதி பிடிபட்ட மாதிரி.

வரலாற்றில் ஒரு பொழுதைச் சொல்கிறேன். கி.பி. 353, வசந்த காலம், இன்றைய ஷாவ்ஷிங் நகரத்துக்கு அருகே லான்திங் என்ற இடம். வாங் ஷிஜி என்ற அதிகாரி நாற்பதுக்கும் மேற்பட்ட நண்பர்களையும் உறவினரையும் கூட்டியிருந்தார். வளைந்து ஓடும் ஓடையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். மதுக் கிண்ணத்தை மிதக்கவிட்டார்கள். யார் முன்னால் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும், முடியாதவர் குடிக்க வேண்டும். அன்று சேர்ந்த 37 கவிதைகளுக்கு வாங் ஷிஜி ஒரு முன்னுரை எழுதினார். 324 எழுத்து. வானம் தெளிந்திருக்கிறது, காற்று இதமாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லி, நடுவில் இந்த மகிழ்ச்சி எவ்வளவு சீக்கிரம் பழையதாகிவிடும் என்ற துயரத்துக்குள் போகும் முன்னுரை. ஒரே சிறு எழுத்து அதில் இருபது தடவைக்குக் குறையாமல் வருகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். மறுநாள் போதை தெளிந்த பிறகு அதையே திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தும் அந்த அழகு வரவில்லை என்று கதை. தாங் வம்சத்துப் (618-907) பேரரசர் தைசோங் இதன்மேல் வைத்த ஆசையில் தன்னோடு கல்லறைக்கே கொண்டுபோய்விட்டார் என்பது மரபு. மூலம் இன்று இல்லை. நமக்கு இருப்பவை படிகள் மட்டுமே. ஆனாலும் அந்தப் படிகளைப் பார்த்து எழுதிப் பழகாத எழுத்துக் கலைஞர் இல்லை.

இதைவிட என்னை அசைத்தது இன்னொரு தாள். 755இல் ஆன் லூஷான் என்ற தளபதி தாங் அரசுக்கு எதிராகக் கிளம்பினான். அவனை எதிர்த்து நின்ற குடும்பங்களில் ஒன்று யென் குடும்பம். அந்தக் குடும்பத்து அதிகாரி யென் ஜென்ச்சிங்கின் ஒன்றுவிட்ட அண்ணனும் அண்ணன் மகனும் கொல்லப்பட்டார்கள். 758இல் அந்தப் பையனின் தலை மட்டும் கிடைத்தது. யென் ஜென்ச்சிங் அவனுக்கான இரங்கல் உரையை எழுத உட்கார்ந்தார். நமக்குக் கிடைத்திருப்பது அதன் முதல் வரைவு. முதல் சில வரிகள் ஒழுங்காக, தேதியும் பதவியுமாகப் போகின்றன. போகப்போகக் கோடுகள் சரிகின்றன. அடித்தல், பக்கத்தில் இடைச்செருகல், மறுபடி அடித்தல். மை தீர்ந்தும் தொட்டுக்கொள்ளாமல் காய்ந்த தூரிகையாலேயே எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எழுத்து நார் நாராகத் தெரிகிறது. கடைசி வரிகளில் கை எங்கோ ஓடுகிறது. சீன எழுத்து ஒன்றும் தெரியாதவரிடம் இதைக் காட்டிப் பாருங்கள், எழுதியவர் அழுதுகொண்டிருந்தார் என்று சொல்லிவிடுவார். அழகாக எழுத வேண்டும் என்று ஒரு கணமும் நினைக்காமல் எழுதிய அந்த வரைவைத்தான் சீனர்கள் தங்கள் எழுத்துக் கலையின் உச்சங்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். தாய்வானின் தாய்ப்பே நகரத்து அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2019இல் டோக்கியோவுக்குக் கடன் கொடுத்தபோது அதை ஒரு நிமிடம் பார்க்க மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள்.

சரி, தத்துவம். கன்பூசியஸ் (கி.மு. 551-479) ஷான்டோங்கின் ச்சூஃபூ ஊர்க்காரர். ஊர் ஊராகப் போய் அரசர்களுக்கு யோசனை சொல்ல முயன்று, யாரும் கேட்காமல், கடைசியில் மாணவர்களோடு உட்கார்ந்தவர். அவருடைய பேச்சில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று ‘ரென்’, மனிதர் மனிதரிடம் காட்ட வேண்டிய ஈரம். இன்னொன்று ‘லீ’. இதைச் சடங்கு என்று மொழிபெயர்ப்பார்கள். எனக்கு அது போதாது. பெரியவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பதும், இரு கையால் பொருள் கொடுப்பதும், துக்க வீட்டில் எப்படிப் பேசுவது என்பதும் லீதான். ஈரம் மனதில் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு ஒரு வடிவம் வேண்டும். வடிவத்தைப் பழகப் பழக ஈரமும் ஊறும். தூரிகை வகுப்பில் முதல் மாதம் முழுக்க என்னை ஒரே ஒரு கிடைக்கோடு மட்டும் எழுத வைத்தார் ஆசிரியர். அதன்பின் யென் ஜென்ச்சிங்கின் கல்வெட்டுப் படியைப் பார்த்து அப்படியே எழுதுவது. சொந்தமாக ஒன்றும் கூடாது. எரிச்சலாக இருந்தது. ஆறாவது மாதம் வாக்கில், என் கோட்டில் என் சுபாவம் தானாகத் தெரிவதைப் பார்த்தேன். லீ என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அப்போதுதான், நூலில் இல்லை.

இரண்டாவது தாவோயிசம். லாவோட்சுவின் பெயரில் உள்ள தாவோ தே ஜிங் 81 சிறு பகுதிகள், ஐயாயிரம் எழுத்து. அதில் பதினோராவது பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். சக்கரத்துக்கு முப்பது ஆரங்கள், ஆனால் நடுவில் உள்ள வெற்றிடத்தால்தான் சக்கரம் சுற்றுகிறது. களிமண்ணைக் குழைத்துப் பானை செய்கிறோம், உள்ளே உள்ள வெற்றிடம்தான் பயன்படுகிறது. சீன ஓவியத்தில் பாதித் தாள் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. வரையாமல் விட்ட இடம்தான் மூடுபனி, ஆறு, வானம்.

அதே மரபில் அடுத்து சுவாங்ட்சு. எனக்கு லாவோட்சுவைவிட இவர் நெருக்கம், கதையாகச் சொல்பவர் என்பதால். ஒரு சமையல்காரர் பிரபுவின் முன்னால் மாட்டை வெட்டுகிறார். கத்தி ஓடும் சத்தம் இசைபோல இருக்கிறது. எப்படி என்று பிரபு கேட்கிறார். சாதாரணச் சமையல்காரர் மாதம் ஒரு கத்தி மாற்றுவார், ஏனென்றால் எலும்பை வெட்டுகிறார். நல்லவர் வருடம் ஒன்று மாற்றுவார். என் கத்திக்குப் பத்தொன்பது வருடம், ஆயிரக்கணக்கான மாடு, இன்னும் புதுசுபோல இருக்கிறது. மூட்டுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, கத்தியின் விளிம்புக்கோ தடிமனே இல்லை. தடிமன் இல்லாதது இடைவெளிக்குள் போக நிறைய இடம் இருக்கிறது என்கிறார் சமையல்காரர். தாவோயிசத்தின் ‘வூ வெய்’ என்ற சொல்லைச் சும்மா இருத்தல் என்று பலரும் விளக்குகிறார்கள். இந்தச் சமையல்காரர் சும்மா இல்லை, நாள் முழுக்க வேலை செய்கிறார். பொருளின் போக்கோடு முட்டாமல் செய்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாவது பௌத்தம். நம்முடைய ‘தியானம்’ என்ற சொல்தான் சீனத்தில் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஸென்’ ஆனது. போதிதர்மரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தமிழ் வாசகர்கள் கேட்பார்கள். சீன மரபின் ஒரு பழைய குறிப்பு அவரைத் தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. இன்னும் பழைய குறிப்பொன்று பாரசீகர் என்கிறது. காஞ்சி என்று நம்மூரில் உறுதியாகச் சொல்வதற்கு அந்த அளவு பழைய சான்று இல்லை. ஷாவ்லினில் சண்டைக்கலை கற்றுக்கொடுத்தார் என்பது பல நூற்றாண்டு கழித்து வந்த கதை. மாறாக, தாங் காலத்தில் இந்தியா வந்த துறவி சுவான்சாங் (யுவான் சுவாங்) காஞ்சிபுரத்தைத் திராவிட நாட்டின் தலைநகர் என்று எழுதி வைத்திருப்பது உறுதியான செய்தி.

கன்பூசியம், தாவோயிசம், பௌத்தம் என்று மூன்று பெட்டி போட்டு மனிதர்களை அடைத்துப் பார்க்காதீர்கள். அறிமுக நூல்களின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். ஒரே ஆள் அலுவலகத்தில் கன்பூசியர், மலையில் தாவோயிஸ்ட், இரவில் பௌத்தத் துறவியோடு தேநீர் குடிப்பவர். சூ ஷி (1037-1101) அப்படிப்பட்டவர். சீனாவில் ஒரே ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றால் இவரைத்தான் சொல்வேன்.

அவரைச் சொல்வதற்கு முன் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. சுய் வம்சக் காலத்தில் தொடங்கி 1905 வரை, சுமார் 1,300 ஆண்டுகள், அரசு அதிகாரிகளை எழுத்துத் தேர்வில் எடுத்த நாடு அது. பழைய நூல்கள் மனப்பாடம், கட்டுரை, கவிதை. நான்ஜிங்கின் தேர்வு வளாகத்தில் ஒரு காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் சிற்றறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவர், பலகை இரண்டு, சில நாள். சோங் வம்சக் காலத்தில் (960-1279) விடைத்தாளில் பெயரை ஒட்டி மறைத்தார்கள். கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், எழுத்தர்களை வைத்து எல்லா விடைகளையும் வேறு தாளில் படியெடுத்த பிறகே திருத்தக் கொடுத்தார்கள். 1057இல் அப்படி வந்த ஒரு கட்டுரையைப் படித்த தேர்வாளர் ஓயாங் ஷியூ, இவ்வளவு நன்றாக எழுதுவது தன் மாணவனாகத்தான் இருக்கும் என்று நினைத்து, பாரபட்சம் என்ற பேச்சு வரக்கூடாதென்று இரண்டாம் இடம் கொடுத்தார் என்பார்கள். எழுதியிருந்தவர் இருபது வயது சூ ஷி.

1079இல் அவருடைய கவிதைகளில் அரசின் கொள்கைகளைக் கேலி செய்திருக்கிறார் என்று பிடித்து நூறு நாளுக்கும் மேல் சிறையில் வைத்தார்கள். தலை தப்பியது. யாங்சி ஆற்றங்கரையில் ஹுவாங்ஜோ என்ற சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். சம்பளம் போதாமல் ஊரின் கிழக்குச் சரிவில் பாழ்நிலத்தைத் திருத்தி விவசாயம் செய்தார். கிழக்குச் சரிவு, அதாவது ‘தோங்போ’, என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டார். இன்று சீன உணவகங்களில் தோங்போ பன்றிக்கறி என்று பரிமாறுகிறார்களே, அது அவர் பெயரில்தான்.

1082 வசந்தத்தில், வீட்டில் அடுப்பு மூட்டாத குளிர் உணவுத் திருநாள் வந்தது. இரண்டு மாதமாக விடாத மழை. வீடு தண்ணீரில் மிதக்கும் சிறு படகுபோல இருக்கிறது, உடைந்த அடுப்பில் ஈர நாணலை எரிக்கப் பார்க்கிறேன், காகம் கவ்விப் போகும் தாளைப் பார்த்துத்தான் இன்று திருநாள் என்றே தெரிகிறது என்று இரண்டு கவிதை எழுதினார். அந்தச் சுருளில் முதல் கவிதையின் எழுத்து சிறிதாக, அடக்கமாக இருக்கும். இரண்டாவதில் எழுத்துகள் பெரிதாகின்றன, சில செங்குத்துக் கோடுகள் பக்கத்தில் இடம் கேட்டுக் கத்திபோல நீண்டு இறங்குகின்றன. கவிதை சொல்வதைக் கோடும் சொல்கிறது. பின்னால் அவருடைய நண்பர் ஹுவாங் திங்ஜியென் வியந்து ஒரு குறிப்பு எழுதி ஒட்டினார். அந்தச் சுருள் கை மாறி மாறி ஜப்பான் போய், 1923 டோக்கியோ நிலநடுக்கத் தீயில் உரிமையாளரால் காப்பாற்றப்பட்டு, இப்போது தாய்ப்பேயில் இருக்கிறது. கீழ் ஓரத்தில் தீ நக்கிய தடம் தெரியும்.

அப்புறம் ஓவியம். தாங் காலக் கவிஞரும் ஓவியருமான வாங் வெய்யின் கவிதையில் ஓவியம் இருக்கிறது, ஓவியத்தில் கவிதை இருக்கிறது என்று சொன்னவரும் சூ ஷிதான். மூங்கில் இலைக்கும் எழுத்தின் இறங்கு கோட்டுக்கும் கை அசைவு ஒன்றே என்பதால், எழுதத் தெரிந்த அதிகாரிக்கு வரையவும் வந்தது. ஏறத்தாழ கி.பி. 500இல் ஷியே ஹே என்பவர் ஓவியத்துக்கு ஆறு விதி சொன்னபோது, உருவ ஒற்றுமையை முதலில் வைக்கவில்லை. உயிர்மூச்சு ஓட வேண்டும் என்பதை வைத்தார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபான் குவான் வரைந்த மலை ஓவியம் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். மேலே பெரும் பங்கு ஒரே பாறை. கீழே, வலது மூலையில், சரக்கு ஏற்றிய கோவேறு கழுதைகள் இரண்டு மனிதர்களோடு போகின்றன, எறும்பு அளவில். அந்த மரங்களின் இலைகளுக்குள் அவருடைய பெயர் ஒளிந்திருப்பதை 1958இல்தான் கவனித்தார்கள்.

ஹுவாங் கோங்வாங் 1350இல் முடித்த ஃபுசுன் மலைச் சுருளின் கதை இன்னும் பெரிது. 1650இல் அதை வைத்திருந்தவர் சாகும் தறுவாயில் தன்னோடு எரித்துவிடச் சொன்னார். உறவினர் ஒருவர் தீயிலிருந்து இழுத்துவிட்டார், இரண்டு துண்டாகிவிட்டது. சின்னது ஹாங்ஜோவில், பெரியது தாய்ப்பேயில். 2011இல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். இடையில் 18ஆம் நூற்றாண்டில் ச்சியென்லோங் பேரரசரிடம் இதன் போலி ஒன்றும் அசலும் வந்தன. போலியை அசல் என்று நம்பி அதன்மேல் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகள் எழுதி, முத்திரை குத்தி நிரப்பிவிட்டார். அசல் தப்பியது. சீன ஓவியத்தில் சிவப்பு முத்திரைகளும் ஓரத்து எழுத்தும் ஏன் அவ்வளவு இருக்கின்றன என்பதும் இதில் விளங்கும்: பார்த்தவர், வைத்திருந்தவர், ரசித்தவர் எல்லாரும் அதில் தன் தடத்தை விட்டுப்போகிறார்கள். நாம் பார்ப்பது ஓர் ஓவியத்தை மட்டுமல்லாமல், அதைச் சுற்றி எழுநூறு ஆண்டு நடந்த பேச்சையும்தான்.

இவ்வளவு நேரம் ஆண்களைப் பற்றியே பேசியிருக்கிறேன். காரணம் அந்தச் சமூகம். தேர்வு மண்டபத்துக்குள் பெண்களுக்கு இடமில்லை, பல நூற்றாண்டு பாதங்களைக் கட்டிக் குறுக்கிய கொடுமையும் நடந்தது. இதைச் சொல்லாமல் அழகை மட்டும் சொல்வது நேர்மையாகாது. அதற்குள்ளும் லீ ச்சிங்ஜாவ் என்ற பெண், சோங் காலத்தின் முதல்தரக் கவிஞர்களில் ஒருவர். குவான் தாவ்ஷெங் (1262-1319) மூங்கில் வரைவதில் பெரும் பெயர் பெற்றவர். இவற்றைவிட என் மனதில் நிற்பது ஹூனான் மாகாணத்து ஜியாங்யோங் கிராமங்களின் நூஷூ. பெண்களே பெண்களுக்காக வைத்திருந்த எழுத்து. சாய்ந்த, மெல்லிய கோடுகள். சீன எழுத்தைப் போலன்றி ஒலியைக் குறிப்பவை. விசிறியில், துணியில், கையால் தைத்த சிறு புத்தகத்தில் எழுதினார்கள். தோழி கல்யாணமாகிப் போன மூன்றாம் நாள் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் புத்தகத்தில் பிரிவைப் பற்றிய பாட்டுகள் இருக்கும். பாதிப் பக்கங்களை அவள் எழுதிக்கொள்ள வெறுமையாக விட்டிருப்பார்கள். பேரரசரின் முத்திரை குத்திய சுருள்களுக்குக் கொஞ்சமும் குறையாத இலக்கியம் அது.

இசை, தேநீர், தோட்டம் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஒன்றிரண்டு மட்டும்: ‘கூச்சின்’ என்ற ஏழு நரம்பு வாத்தியத்தில் நரம்பை மீட்டிய பின் ஒலி கரைந்து போவதையே கேட்கச் சொல்வார்கள், தாளின் வெற்றிடம் மாதிரி, குவான் பிங்ஹூ அதில் வாசித்த ‘ஓடும் நீர்’ 1977இல் வாயேஜர் விண்கலத்தின் தட்டில் போனது. சுஜோ நகரத்துத் தோட்டங்கள் நடந்து பார்க்கும் மலைச் சுருள்கள். நாம் ‘தேநீர்’ என்பதில் உள்ள ‘தே’ ஃபூஜியன் கடற்கரைப் பேச்சிலிருந்து கடல்வழியாகக் கிளம்பிய சொல்.

இதெல்லாம் பழைய கதைதானே, இன்று இருக்கிறதா என்று கேட்கலாம். 1905இல் தேர்வு போயிற்று. 1919இல் மாணவர்கள் கன்பூசியஸைத் தூக்கி எறியச் சொன்னார்கள். 1956இல் பெருநிலச் சீனாவில் எழுத்துகளைச் சுருக்கினார்கள். தாய்வானும் ஹாங்காங்கும் பழையதை வைத்துக்கொண்டன. 1966இல் மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் ச்சூஃபூவில் கன்பூசியஸ் கோயிலைச் சூறையாடினார்கள். இத்தனைக்குப் பிறகும் புத்தாண்டு வந்தால் சிவப்புத் தாளில் இரட்டை வரிக் கவிதை எழுதிக் கதவின் இரு பக்கமும் ஒட்டுகிறார்கள். ‘நற்பேறு’ என்ற எழுத்தைத் தலைகீழாக ஒட்டுவார்கள், தலைகீழ் என்பதற்கும் வந்துவிட்டது என்பதற்கும் ஒரே ஒலி என்பதால். பெய்ஜிங் பூங்காக்களில் விடியற்காலையில் வயதானவர்கள் நீளக் கோலின் முனையில் பஞ்சைக் கட்டி, வாளித் தண்ணீரில் தோய்த்து, நடைபாதைக் கல்லில் தாங் கவிதைகளை எழுதுகிறார்கள். கடைசி வரி முடிவதற்குள் முதல் வரி காய்ந்துவிடும். நகர்ந்து நின்று மறுபடி எழுதுவார்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: மலிவான தூரிகை ஒன்று, கறுப்பு மை, பழைய செய்தித்தாள். ‘யோங்’ என்ற ஓர் எழுத்தைத் தேடி எடுங்கள், என்றென்றும் என்று பொருள். புள்ளி, கிடை, செங்குத்து, கொக்கி என எட்டு அடிப்படைக் கோடுகளும் அதில் இருப்பதால் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். இரண்டு வாரம் எழுதுங்கள். அதன்பின் யென் ஜென்ச்சிங்கின் இரங்கல் வரைவையும் சூ ஷியின் குளிர் உணவுச் சுருளையும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அதற்கும் பிறகு சுவாங்ட்சுவைப் படியுங்கள். வரலாற்று நூல் கடைசியில் போதும்.

கொழும்புப் பக்கம் போனால் தேசிய அருங்காட்சியகத்தில் ‘காலி’ நகரத்துக் கல்வெட்டைப் பாருங்கள். மிங் பேரரசரின் தளபதி ஜெங் ஹே கப்பலில் கொண்டுவந்தது, 1409 தேதியிட்டது. 1911இல் காலியில் கிடைத்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கொடுத்த பொருள்கள் ஏறக்குறைய ஒன்றே. எழுத்துகள் தேய்ந்துவிட்டன. தமிழை முதலில் தேடிப் படித்துவிட்டு, சீனப் பகுதிக்கு வந்து, இரண்டு வாரம் பழகிய கையோடு ஏதாவது ஒரு கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் கண்டுபிடிக்கப் பாருங்கள்.